முதல் பனியை யாரும் வாருவதில்லை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, எங்கள் ஊர் எந்திரக் கடையின் பின்முற்றத்தில். அக்டோபர் தூறலில் மண்வெட்டிக்குப் பிடி வாங்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு இர்யாவும் அவள் கணவன் மெர்லும் இரண்டு இரும்புச் சாமான்களுக்கு நடுவில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக் கேட்டேன். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை?

ஒன்று பனியைத் தள்ளுவது, மற்றது வாரித் தூர எறிவது. (தள்ளுபெட்டி, வீசுபொறி என்பவை நான் வைத்த பெயர்கள். தமிழ்நாட்டில் பனி வாரும் அவசியம் யாருக்கும் வராததற்கு நான் பொறுப்பல்ல.) இரண்டையும் மண் அள்ளுகிற அவர்களுடைய பழைய குட்டி லோடர் வண்டியின் முன்கையில் மாட்டலாம். ஆனால் இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். மெர்லுக்குத் தள்ளுபெட்டி வேண்டும், இர்யாவுக்கு வீசுபொறி.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘வெள்ளைப் போர்வை போர்த்திய அந்த ஊரில்…’ (சீ! போர்வையாம். ஒரு குளிர்காலம் இங்கே கிடந்தவன் எழுதுகிற வரியா இது?)

இரண்டாவது: ‘இர்யாவுக்குப் பனி என்றாலே பயம்.’ பொய். பனிக்கு அவள் பயந்ததே இல்லை. அவளுக்குப் பயம் பிப்ரவரி மேல்தான்.

விழுந்த பனி ஏப்ரல் வரை கரையாது. தள்ளியதெல்லாம் ரோட்டோரத்தில் சுவராக நிற்கும். போன பிப்ரவரியில் அந்தச் சுவர்கள் உள்ளே உள்ளே வந்து, நெடுஞ்சாலையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரும் ரோடு சுருங்கி, கடைசியில் மூடியே போயிற்று. காரை நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு, மளிகைச் சாமானைச் சறுக்குப்பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு நடந்தார்கள். இந்த வருடம் மகள் டானா பின்னறையில் இருக்கிறாள். குழந்தை பிறக்க வேண்டியது பிப்ரவரியில். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரப் பயணம்.

அந்த ரோடு திறந்திருக்க வேண்டும். கதை இவ்வளவுதான்.

3

மெர்லை நான் நம்பவில்லை. இர்யா சுலபமாக ஜெயிக்கட்டும் என்று முதல் பிரதியில் அவனை மடையனாக்கி வைத்திருந்தேன். ஆனால் அவன் கட்சியிலும் நியாயம் இருந்தது. தள்ளுபெட்டி வேகமானது, அவனுக்கோ முதுகுவலி. போதாததற்குக் கடைக்காரர், பெரிய வீசுபொறியைச் சுழற்றுகிற அளவுக்கு உங்கள் பழைய லோடரில் எண்ணெய் ஓட்டம் இல்லை, சின்னதுதான் ஓடும் என்று சொல்லிவிட்டார். (நானோ என் பிரதியில் அவளுக்குப் பெரியதையே வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் முழுக்க அடித்து நீக்கினேன்.)

“அந்தக் குட்டிப் பொறியைப் பாரு. அது ரோட்டைத் திறக்கறதுக்குள்ள பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்,” என்றான் மெர்ல்.

“போகட்டுமே. ரோடு திறந்திருந்தாத்தானே போகும்?” என்றாள் இர்யா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “தள்ளித் தள்ளி பிப்ரவரில எங்க வைப்ப? அதை மட்டும் சொல்லிடு, இந்தச் சின்னதுகூட வேணாம்னுடறேன்,” என்றாள்.

சின்ன வீசுபொறியை வண்டியில் ஏற்றியபோது மெர்ல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கைகொடுத்தான்.

4

நவம்பரில் முதல் பனி விழுந்தது. நான் எழுதினேன்: ‘புது வீசுபொறியை மாட்டிக்கொண்டு, இர்யா ரோட்டைத் தரை தெரியச் சுத்தம் செய்தாள்.’ அழகான காட்சி என்று எனக்கே ஒரு பெருமிதம். ஏலக்காய் ரொட்டியும் காபியும் வைத்தவளிடம், அவள் மொழியில் மாற்றிப் படித்துக் காட்டினேன். காபி சிந்தும்படி சிரித்தாள்.

“ஏம்ப்பா, முதல் பனியை யாராவது வாருவாங்களா? கீழ ஜல்லி. மண்ணு இன்னும் இறுகலை. பனியோட கல்லையும் சேர்த்து வாரி எறியும். என் சமையலறை ஜன்னல்தான் முதல்ல போகும்.”

முதல் பனியை வாராமல், சக்கரத்தால் மிதித்து மிதித்து இறுக்கி உறைய விடுவார்களாம். பிறகு விழுவதையெல்லாம் அந்தத் தளத்தின் மேல்தான் வாருவது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் கவனிக்கவில்லை, வெட்கமாக இருந்தது. அன்று காலை முழுக்க மெர்ல் வெறும் லோடரை ரோட்டில் மேலும் கீழும் ஓட்டியதை ஜன்னலில் பார்த்து, சண்டையில் தோற்றவன் ஊர்வலம் போகிறான் என்று வேறு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

மேலே கிடக்கிற அரைகுறை வரிகளை நான் அழிக்காமல் விட்டதும் அதனால்தான்: அவை இந்தக் கதையின் முதல் பனி.

5

முடிவு ஒன்று: புயல் நடுவே லோடருக்குள்ளேயே பிரசவம். (வேண்டாம். டானா என்னைச் சும்மா விட மாட்டாள்.)

முடிவு இரண்டு: மெர்ல் தோல்வியை ஒப்புக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்து… (நடக்கிற காரியமா?)

உண்மை என்னவென்றால், நான் இதை எழுதுவது டிசம்பரில். பிப்ரவரி இன்னும் வரவில்லை. என்ன எழுதினாலும் பொய். இதை இர்யாவிடம் சொன்னேன்.

“பொறக்கறதெல்லாம் உன் வேலை இல்ல. ரோட்டைத் திறந்து வெச்சுட்டு நிறுத்திக்கோ. மிச்சத்தை டானா பாத்துக்குவா,” என்றாள்.

இன்று காலை முழங்கால் அளவுப் பனி. வீசுபொறி நத்தை வேகத்தில்தான் போனது, ஆனால் பனி தேவதாரு மரங்களைத் தாண்டிப் போய் விழுந்தது. ரோட்டோரத்தில் சுவரே இல்லை. லோடரை ஓட்டி வீட்டு வாசல்வரை வந்த மெர்ல் அங்கே நிறுத்தவில்லை. முற்றத்தில் யாரும் கேட்காத ஓர் அகன்ற வட்டத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருந்தான். முதுகு வலிக்கவில்லையா, எதற்கு இவ்வளவு அகலம் என்று வேலியோரம் நின்று கேட்டேன்.

“ஆம்புலன்ஸ் வந்தா திரும்ப வேணாமா?” என்றான்.

இவனையா மடையன் என்று எழுதினேன்?

இது உங்கள் கைக்கு வரும்போது பிப்ரவரி கடந்திருக்கும். வலி எப்போது கண்டது, யார் வண்டி ஓட்டினார்கள், ஆணா பெண்ணா, எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ரோடு திறந்திருக்கிறது, வண்டி திரும்ப இடமும் இருக்கிறது.