மரத்துக்குள் கல்

ரம்பம் கிரீச்சென்று கத்தி நின்றது. மரத்துக்குள் கல். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற இந்த இரோக்கோ மரம் மழையையும் வெயிலையும் தாங்கும், கறையான் வாய் வைக்காது, வாசல் கதவுக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் வயிற்றுக்குள் எங்கேயாவது ஒரு கல்லை ஒளித்து வைத்திருக்கும். எனக்கென்று பார்த்து, குறுக்குச்சட்டம் நெடுஞ்சட்டத்துக்குள் நுழைய வேண்டிய முனையிலேயே வைத்திருந்தது.

ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். இந்த மரத்தூள்தான் அவர் மூச்சைக் கெடுத்தது. பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே இயந்திரங்களை விற்க ஆள் பார்த்துவிட்டார். "நான் பாத்துக்கறேன்" என்றதற்குச் சிரித்தார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்று சட்டம் பிடித்தவளைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்த ஒரு கதவை முடித்தால் பட்டறை எனக்கு, இல்லாவிட்டால் விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வாங்குகிறவர் இன்று சாயங்காலம் வண்டியோடு வருகிறார். இந்த அகலத்தில் வேறு கட்டையும் இல்லை.

"விட்டுடு. கட்டை போச்சு."

"ஒண்ணும் போகல. நீங்க போய் உக்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க."

அவர் உட்காரவில்லை. நல்ல உளியைக் கல்லில் வைத்தால் முனை போய்விடும். பெயிண்ட் டப்பா திறக்கிற கிழட்டு உளியை எடுத்துச் சுற்றிலும் சுரண்டினேன். ரேகைகள் எதிரும் புதிருமாகப் பின்னிக் கிடக்கிற மரம், கொஞ்சம் அவசரப்பட்டாலும் பிய்ந்துகொண்டு வரும். கண்ணெல்லாம் எரிந்தது. முகமூடிக்குள் அவரையும் மரத்தையும் சேர்த்தே திட்டிக்கொண்டேன். கடைசியில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளைக் கல் கீழே விழுந்தது. அந்தக் குழியில் அதே மரத்தின் துண்டு ஒன்றை ரேகை பார்த்து ஒட்டி, பசை இறுகும்வரை மற்றச் சட்டங்களை இழைத்தேன்.

முனையை அளவாகச் செதுக்கி நெடுஞ்சட்டத்தின் துளையில் வைத்துத் தட்டினேன். பாதியில் நின்றது. மறுபடி தட்டினேன். அசையவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

கண்ணாடியை விரலால் தட்டினார். "மேல்பக்கம் இடிக்குது. ஒரே ஒரு இழை எடு, போதும்."

எடுத்தேன். அடுத்த தட்டில் இரண்டு சட்டமும் இடைவெளி தெரியாமல் சேர்ந்துகொண்டன. மற்ற மூட்டுகளையும் கோர்த்துக் கதவை முடித்தபோது சாயங்காலமாகிவிட்டது.

வெளியே வண்டி வந்து நின்றது. "என்னண்ணே, மெஷினைத் தூக்கிரலாமா?" என்று வாங்குகிறவர் கேட்டார்.

வீட்டுக்காரர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "உள்ள முதலாளி இருக்காங்க. அவங்களக் கேளுங்க."

அந்த ஆள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். நான் முகமூடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த கட்டையைத் தூக்கி வைத்து, சுவிட்சைப் போட்டேன்.