அடித்தோல் இல்லாத பூட்ஸ்

வேட்டித் துணியின் ஒன்பதாவது சுற்றைக் கணுக்கால் எலும்புக்கு மேலே இழுத்து முடிச்சுப் போடுகிறேன், தம்பி சந்தியாகுவின் வலது கால் என் மடியில் கனக்கிறது, வெளியே மழை, ஆடாதடா என்கிறேன், நான் எங்க ஆடறேன், உன் கைதான் ஆடுதுக்கா என்கிறான், இது ஐம்பத்து மூன்றில் நடந்த இறுதி ஆட்டத்தின் காலையா, அதற்கு முந்தைய ஆட்டங்களின் காலையா, எல்லாம் ஒரே வேட்டிக் கிழிசலாகச் சுற்றிக்கொண்டு வருகின்றன, தங்கவயலில் ஆறு மணி முதல் இரண்டு வரை பூமிக்கடியில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்த கையோடு மைதானத்துக்கு ஓடியவன், கல்கத்தா கால்பந்து கிளப் கூப்பிட்டும் சுரங்கத்து அணியை விட்டுப் போகாதவன், ராயப்பன் மகன், கணுக்காலில் துணி மட்டும் சுற்றி வெறுங்காலில்தான் ஆடுவான், இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் திடீரென்று ஒரு விதி வந்தது, பூட்ஸ் போடாதவன் இறங்கக் கூடாது, எதிரே பெங்களூர்ப் பட்டாளம், அவர்களை நாங்கள் ஜெயித்ததே இல்லை.

பெட்டியில் இருந்த அப்பாவின் சுரங்க பூட்ஸைப் போட்டுக்கொண்டு சந்தில் ஓடிப் பார்த்தான், இரண்டு முறை விழுந்தான், கெணத்துல கால வுட்ட மாதிரி கீதுக்கா, பந்தே தெரியல, குழாயடியில் எதிர்வீட்டு மரியம்மா எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறாள், ராயப்பன் மவனுக்கு நாளிக்கி ஆட்டத்தப்போ ஜொரம் வருமாமே, குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து இறைச்சிக் கத்தியை எடுத்தேன், அம்மா அலறினாள், செத்துப்போன மனுசன் பூட்ஸ்ல கத்தி வெக்கிறியேடி, உனக்குக் கை வருதா, வந்தது, ஆணியோடு அடித்தோல் இரண்டும் கழன்று விழுந்தன, மேல்தோல் மட்டும் மிஞ்சியது, அதை அவன் காலில் மாட்டி மேலே துணி சுற்றினேன், பார்க்கிறவனுக்கு பூட்ஸ், மண்ணுக்கு வெறுங்கால்.

சேற்றில் பட்டாளத்துக்காரர்கள் வழுக்கி வழுக்கி விழுகிறார்கள், சந்தியாகுவின் பத்து விரலும் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன, கடைசி நிமிஷத்தில் மூன்று பேரைத் தாண்டி அவன் அடித்த பந்து வலையில் விழுகிறது, தங்கம் பிரித்த கழிவு மலையாய்க் குவிந்த சைனைடு மண்மேட்டில் உட்கார்ந்திருந்த ஜனம் மொத்தமும் சரிந்து இறங்கி ஓடிவருகிறது, தோளில் தூக்கியபோதுதான் உலகத்துக்கே தெரிந்தன அந்த இரண்டு செக்கச்சிவந்த உள்ளங்கால்கள், எதிரணிக் கேப்டன் மோசடி மோசடி என்று கத்தினான், நடுவர் கிட்டே வந்து பார்த்தார், விதித்தாளைப் பிரித்துப் படித்தார், பூட்ஸ் போடணும்னுதான்யா எழுதியிருக்கு, போட்டிருக்கான், அடித்தோலப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அவ்வளவுதான், எங்கள் குடும்பத்தில் ஒளித்து விளையாடும் வழக்கம் கிடையாது, கேட்டிருந்தால் காலைத் தூக்கிக் காட்டியிருப்பான், யாரும் கேட்கவில்லை, மறுநாள் குழாயடியில் மரியம்மா எனக்கு வழிவிட்டு நின்றாள்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் ஆடினான், இருவருக்கும் தலை நரைத்துவிட்ட இன்று மைதானத்து வாசலில் அவன் பெயர் பொறித்த கல்லைத் திறந்துவைக்கிறார்கள், புறப்படும்போது படியில் என் கால் பிசகிவிட்டது, நீ வூட்லயே இருந்துக்கோக்கா என்கிறான், ராயப்பன் பேரும் அந்தக் கல்லுல கீதுடா, நான் வராம யார் வருவா, வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு உட்காருகிறான், முழங்கால் சத்தம் போடுகிறது, வேட்டியின் ஓரத்தைக் கிழிக்கிறான், ஆடாதக்கா, நான் எங்கடா ஆடறேன், உன் கைதான் ஆடுது, ஒன்பதாவது சுற்றை எலும்புக்கு மேலே இழுத்து முடிச்சுப் போடுகிறான், எழுந்து ஊன்றிப் பார்க்கிறேன், கால் தரையைப் பிடிக்கிறது, என் கைத்தடியை மூலையிலேயே விட்டுவிட்டு அவனுக்கு முன்னால் நடக்கிறேன்.