பின்சீட்டுக் கனம்

குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கபாலியின் டாக்ஸிக்கு அடியில் யாரோ சம்மட்டியால் போட்ட மாதிரி சத்தம் கேட்டது. பின் ஸ்பிரிங் பட்டையின் நுனிகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்துபோய், இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்தன. சவாரிக்கு ஏறுகிறவர்கள் முனகுவார்கள். கபாலி காதில் போட்டுக்கொண்டதில்லை.

நாளைக்கு அப்படி இருக்க முடியாது. அடையாறுக்குப் போய் மகள் புஷ்பத்தைக் கூட்டிவர வேண்டும். வளைகாப்பு முடிந்துவிட்டது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய்தான் இல்லை. பங்கஜம் போய் மூன்று வருஷம் ஆகிறது. மழை கிழித்துப்போட்ட ரோட்டில், நிறைமாத வயிற்றோடு மகளை இந்த வண்டியில் ஏற்றினால் சம்மந்தியம்மாள் ஜெயலக்ஷ்மிக்கு அதுவே போதும். ஏற்கெனவே ஒருதரம் கேட்டுவிட்டாள்: "பெத்தவளுக்கு மருந்து அரைச்சிக் குடுக்க அங்க யார் கீறா?"

ஈக்காட்டுத்தாங்கலில் மெக்கானிக் ஷரஃபுதீன் புது புஷ்களை எடுத்துக் கொடுத்தான். மறுநாள் ரம்ஜான். பட்டறை திறக்காது.

"நீயே மாட்டிடுவ நைனா. ஒண்ணுதான். ஜாக்கில தூக்கி வச்சிக்கினு போல்ட்ட முறுக்காத. வண்டியத் தரையில எறக்கி, பின்சீட்ல ரெண்டு ஆள குந்த வச்சி, அந்தக் கனத்துல முறுக்கு. இல்லாங்காட்டி ரப்பர் முறுக்கிக்கினு கிழிஞ்சிடும்."

"ரெண்டு ஆளுக்கு எங்க போவேன் பாய்?"

"உனக்கா ஆள் இல்ல? மெட்ராஸே உன் பின்சீட்லதான குந்திக்கினு போவுது!"

காலையில் ஆழ்வார்பேட்டைச் சந்தில், வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தான். ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்தான். துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெயை ஊற்றி, ஸ்பேனரின் மேல் குழாயை மாட்டித் தொங்கினான். விரல் முட்டி தோல் உரிந்த பிறகு ஒவ்வொன்றாக அசைந்து கொடுத்தன. பழைய ரப்பர் சப்பிப் போட்ட புளியங்கொட்டை மாதிரி வந்தது. புதிதில் துணி சோப்பைத் தடவி, குழாய்த்துண்டை வைத்து அடித்து ஏற்றினான். ஜாக்கியை இறக்கினான். இனி ஆள் வேண்டும்.

பக்கத்து வீட்டில் பூட்டு. வெள்ளைச்சாமி குடும்பத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை, தீபாவளிக் கூட்டத்தில் வீட்டுப் பெண்கள்கூட அங்கேதான். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். யாரும் வரவில்லை. சந்துமுனையில் இரண்டு பேர் பையோடு நடந்து வந்தார்கள்.

"டாக்ஸி வருமாப்பா, தேனாம்பேட்டைக்கு?"

"இப்ப ஓடாது சார். செத்த சும்மா ஏறிக் குந்துங்க, போதும்."

"காலையிலேயே போட்டுட்டான் போல," என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

ஒன்றரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் புஷ்பம் படியிறங்க வேண்டும். கபாலி வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தான். அடுப்பங்கரை மூலையில் பங்கஜத்தின் அம்மி கிடந்தது. அவள் போன பிறகு அதில் எதுவும் அரைபடவில்லை. மார்போடு அணைத்துத் தூக்கிவந்து பின்சீட்டில் வைத்தான். குழவியையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்தான். மிச்சத்துக்கு டிக்கியில் செங்கல் அடுக்கினான். வண்டி பின்னால் பதிந்து உட்கார்ந்தது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு அடியில் நுழைந்து போல்ட்டுகளை முறுக்கி முடித்தான்.

செங்கல்லை இறக்கிவிட்டான். அம்மியை இறக்கக் கதவுக்குள் குனிந்தபோது இடுப்பில் பிடித்துக்கொண்டது. மறுபடி குனிந்தான். முடியவில்லை. கூப்பிட ஒருத்தர் இல்லை. துண்டை எடுத்து அம்மியின்மேல் போர்த்திவிட்டுக் கிளம்பினான்.

மந்தைவெளிப் பள்ளங்களில் சத்தமே இல்லை. வேண்டுமென்றே பெரிய குழியாகப் பார்த்து இறக்கினான். வண்டி மெத்தென்று அமுங்கி எழுந்தது. அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது தன்னையறியாமல் சீட்டி அடித்தான்.

மருமகன் ஜவஹர்தான் வாசலுக்கு வந்தான். பெட்டியை வைக்க இடம் பார்க்கப் பின்கதவைத் திறந்து துண்டை விலக்கினான்.

"யம்மா, இங்க வந்து பாரேன்! மருந்து அரைக்க யாரு கீறான்னு கேட்டியே, மாமா அம்மியவே இட்டுக்கினு வந்துகிறாரு!"

"கனத்துக்கு வச்சது மாப்ள," என்றான் கபாலி. யாரும் கேட்கவில்லை.

ஜெயலக்ஷ்மி சிரிக்காமல் எட்டிப் பார்த்தாள். "அம்மி கீது, சரி. அரைக்கிற கை எங்க சம்மந்தி?"

"எனுக்குக் கையில்லையா? நான் அரைப்பேன்."

புஷ்பம் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியை அவள் எடுத்துவரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

"நைனா, நான் இங்கியே இருந்துடறேன்."

"அத்தை சொன்னாங்களா?"

"நாந்தான் சொல்றேன். நீ நைட் சவாரி போய்க்கினு இருப்ப. வலி வந்தா நான் யாரக் கூப்புடுவேன்?"

"போவ மாட்டேன்."

"போவாம? சோறு எங்கேர்ந்து வரும்?"

கபாலிக்குக் காலையில் பூட்டிக் கிடந்த கதவும், தட்டியும் திறக்காத கதவும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

புஷ்பம் மெல்ல இறங்கிவந்து, அம்மிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் பதிந்தது. கபாலி தன்னை மீறிக் காது கொடுத்தான். ஒரு முனகல்கூட இல்லை.

"சத்தம் போச்சே நைனா. எங்க குடுத்த?"

"நானே பண்ணேன்."

அவள் அவன் விரல் முட்டியைப் பார்த்தாள். அம்மியை ஒருதரம் தடவினாள். "மஞ்ச போட்டு கட்டு," என்று சொல்லிவிட்டு, முன்சீட்டைப் பிடித்து எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திருப்பங்களில் மட்டும் பின்னால் குழவி உருண்டு அம்மியில் இடித்தது. மந்தைவெளியில் குடையோடு ஒருவர் கை காட்டினார். பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போய்விட்டது.

"மயிலாப்பூர் வருமா?"

"ஆள் கீது சார்."

அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். "எங்கப்பா ஆளு?"

கபாலி கியரைப் போட்டான்.