அவள் நிறுத்திய இடம்

விருந்து மண்டபத்தில் யாரோ கைபேசியில் பதிந்த எங்கள் பாட்டு, எப்படியோ ஒரு இசைக் கம்பெனிக்காரர் காதுக்குப் போயிருக்கிறது. அதில் பாடியது நாங்கள் இரண்டு பேர். அவருக்குக் கேட்டதோ ஒரே ஒரு குரல்.

"அந்தப் பொண்ணு யாருங்க?" என்று போனில் கேட்டார்.

"என் தங்கச்சி" என்றேன் நான். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கச்சி அதே நேரம், "அது அக்கா குரல்" என்றாள்.

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. எங்கள் பாட்டு அப்படி. நீளமான வரி வந்தால் அவள் நிறுத்தும் இடத்தில் நான் நுழைவேன். எனக்கு மூச்சு தீரும் முன் அவள் வந்து வாங்கிக்கொள்வாள். ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. பதிவைத் திரும்பக் கேட்டால் எது யார் என்று எங்களுக்கே பிடிபடாது. நன்றாக இருக்கும் இடமெல்லாம் அவளுடையது என்று நான் சொல்வேன், அக்காவுடையது என்று அவள் சொல்வாள். இதற்காகவே சண்டை போட்டிருக்கிறோம்.

அவளை வீட்டில் பூனை என்றுதான் கூப்பிடுவோம். அறைக்குள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நான் திரைச்சீலை தைக்கும் கடையில் இருக்கிறேன். வெயில் ஏறினால் தொங்கவிட்ட துணி வழியாக வெளிச்சம் வந்து கடை முழுக்க ஒரு நிறமாகும். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் வேறு நிறம். அதைப் பார்த்துக்கொண்டே பாதி நாளை ஓட்டிவிடுகிறேன் என்பது முதலாளியின் புகார். உண்மைதான்.

இரண்டு பேரையும் தனித்தனியாகப் பாடவைத்துப் பார்க்கலாம் என்றார் கம்பெனிக்காரர். பதிவுக்கூடம் மேல்மாடியில் இருந்தது. தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சு. நடந்தால் நம் காலடி நமக்கே கேட்கவில்லை. "தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி இருக்குல்ல?" என்றாள் பூனை. அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

முதலில் நான் கண்ணாடி அறைக்குள் போனேன். வழக்கமான இடத்தில் மூச்சு தீர்ந்தது, நிறுத்தினேன், காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அந்த நிசப்தத்தில் கண்ணை மூடினால் எங்கேயோ மிதந்து போய்விடலாம் போல இருந்தது. "ஏம்மா பாதியிலயே நின்னுட்டீங்க?" என்று ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்ததும்தான் தரைக்கு வந்தேன்.

அடுத்து பூனை. அவளும் அதே மாதிரி நிறுத்தினாள், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நானும் யோசிக்காமல் இந்தப் பக்கம் நின்றுகொண்டே எடுத்துப் பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் போகவில்லை. பதிவு செய்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கழன்றுபோன கேஸ் என்று நினைத்திருப்பார். கம்பெனிக்காரர் முகம் சுருங்கியது. "தனியா ஒண்ணும் தேறலையே" என்று முணுமுணுத்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதிவு செய்பவரின் கையைத் தள்ளிவிட்டு, உள்ளே பேசும் பொத்தானை அமுக்கினேன். "ஏய் பூனை, எனக்காக நிக்காதே! நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இரு!"

அவள் கண்ணை மூடினாள். பாடினாள். அந்த இடம் வந்தது. அவள் நிற்கவில்லை. இத்தனை வருஷம் என்னோடு பங்கு போட்ட வரியை ஒரே மூச்சில் கடைசிவரை கொண்டுபோனாள். போய் முடித்த பிறகும் கொஞ்சம் மூச்சு மிச்சம் வைத்திருந்தாள். பதிவு செய்பவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.

அவளுக்கு மூச்சு தீர்ந்ததே இல்லை. எனக்கு வழிவிடத்தான் நிறுத்தியிருக்கிறாள். அந்த நிமிஷம் பெருமைப்பட்டேன் என்று சொல்ல ஆசை. முதலில் வந்தது அழுகை. இத்தனை நாளும் எனக்குப் பிச்சையா போட்டிருக்கிறாள்? பெருமை பின்னால்தான் வந்தது, வந்தபிறகு போகவே இல்லை.

ஒப்பந்தம் அவள் ஒருத்திக்கு மட்டும் வந்தது. அதைப் படிக்கச் சொல்லி வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போனோம். துணி தேய்க்கும் கடைக்கு மேலே அவர் அறை. ஜன்னல் வழியாக நீராவி வந்துகொண்டே இருக்கும். மேகத்துக்கு நடுவில் மேசை போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தார்.

"பாடறவங்க எல்லாரும் எவ்வளவு தருவாங்கன்னுதான் முதல்ல பார்ப்பாங்க" என்றார். "அதை அப்புறம் பார்த்துக்கலாம். கையெழுத்துப் போட்ட மறுநாள்லேர்ந்து எதெல்லாம் செய்ய முடியாதுன்னு பாரும்மா. இங்க இருக்கு பாரு. அஞ்சு வருஷத்துக்கு நீ வேற யார்கூடயும் சேர்ந்து பாடக் கூடாது. மேடையிலயும் சரி, பதிவுலயும் சரி."

"அக்காகூட?"

"அக்காகூடவும்தான். எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துட்டேன். அசையமாட்டேங்கறாங்க."

"அப்போ வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள் பூனை.

நான் கத்தினேன். "உக்காருடி! எனக்காக நின்னு நின்னு பாடினது போதாதா? பாவம் பார்த்து எனக்கு இடம் விட்டியே, அதுவே எனக்குத் தொண்டையில நிக்குது. ஒழுங்கா கையெழுத்தைப் போடு."

அவள் உட்காரவில்லை. "பாவம் பார்த்தெல்லாம் நிறுத்தலைக்கா" என்றாள். "நான் நிறுத்தினா நீ வருவே. அது எப்படி வரப்போகுதுன்னு கேக்கறதுக்குத்தான் நிறுத்துவேன். அதுக்காகத்தான் பாடறதே."

வக்கீலம்மா நீராவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பத்து விஷயம் கேட்டா ஒண்ணும் கிடைக்காது. ஒண்ணை மட்டும் பிடிவாதமா கேளு, கிடைக்கும். யோசிச்சுச் சொல்லு."

பூனை யோசித்தாள். கீழே இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது. "நான் பாட்டுல எங்க நிறுத்தினாலும் அதை அவங்க வெட்டக் கூடாது" என்றாள். "வாத்தியம் வெச்சு அடைக்கவும் கூடாது."

இதென்ன கோரிக்கை என்று கம்பெனியில் சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நின்று பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

அப்புறம் அவள் ஊர் ஊராகப் போனாள். வீட்டில் பாட்டு நின்றது. தனியாக எடுத்துப் பார்ப்பேன், பாதி வரியோடு விட்டுவிடுவேன். அவள் போன் பண்ணினால் சாப்பாடு, தூக்கம், தொண்டை வலி என்று மட்டும் பேசுவோம். பாட்டைப் பற்றி இருவரும் வாய் திறக்கமாட்டோம்.

ஒரு மத்தியானம் கடையில் நீலத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோருடைய முகமும் நீலமாக இருந்தது. மேசைமேல் ஏறி மடிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அவள் குரல் வந்தது. வாத்தியம் எல்லாம் தள்ளி எங்கேயோ இருக்க, அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து பாடினாள். வரி நீண்டுகொண்டே போனது. நின்றது.

வாத்தியமும் நின்றது. ஒன்றுமே இல்லை.

"என்னடி இது, செத்துப்போச்சா?" என்று கூட வேலை செய்கிறவள் ரேடியோவைத் தட்டினாள்.

பூனைதான் என்னோடு பாடக் கூடாது. நான் அவளோடு பாடக் கூடாது என்று எந்தத் தாளிலும் இல்லை. வாயிலிருந்த குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, நின்ற இடத்திலிருந்து எடுத்தேன். என் குரல் என்னை மீறி வந்தது. சரியாக எனக்கு மூச்சு தீரும்போது ரேடியோவில் அவள் வந்துவிட்டாள்.

"பாத்தியா, ஒரு தட்டு தட்டினதும் சரியாயிடுச்சு" என்றாள் கூட வேலை செய்கிறவள்.