மாமனாருக்கு ஒரு அனுமதி

மீனக்காவின் வண்ணமீன் கடையில் இருந்த அந்தப் பெரிய மீனுக்கு மாமனார் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், அக்கா தம்பியைக் காட்டுவாள், தம்பி அக்காவைக் காட்டுவான். யார் வைத்தால் என்ன, பெயர் அச்சாகப் பொருந்திவிட்டது. நீட்டு மூஞ்சி. சிரிக்கவே தெரியாத வாய். ஒரே இடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, கடைக்கு வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கிற பார்வை. அப்பப்போ மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, அலுத்துக்கொண்ட மாதிரி திரும்பக் கீழே போய்விடும். சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் கண்ணாடியில் வாலால் ஒரு அடி. நிஜ மாமனார் கடைக்கு அடுத்த அறையிலேயே இருந்ததால், அவர் காதுபட மட்டும் அது வெறும் "மீன்".

நிஜ மாமனார், அக்கா "மாமா" என்று கூப்பிடுகிறவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கப்பல் வேலையில் கடல் கடலாகச் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் மருமகளும் அவரும்தான். வீட்டின் முன் அறைதான் கடை. பெரிய தொட்டி உள்ளே வந்த அன்றைக்கு ஜன்னலோரம் இருந்த அவருடைய சாய்வு நாற்காலி உள்ளறைக்குப் போனது. ஜன்னல் சீட்டைப் பறிகொடுத்த கண்டக்டர் சும்மா இருப்பாரா? "ஒண்ணு இந்த வீட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வாரம் தவறாமல் சொன்னார். வாரம் தவறாமல் இருக்கவும் இருந்தார்.

அந்த மீனை அக்கா காசு கொடுத்து வாங்கவில்லை. எவனோ ஒரு புண்ணியவான் விரல் நீளத்தில் எங்கேயோ வாங்கி, அது கை நீளம் வளர்ந்ததும் பயந்துபோய், பக்கெட்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏரிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று அக்காவிடமே வழி கேட்டான். யாரிடம் போய் என்ன கேட்கிறான் பாருங்கள்!

"அடப்பாவி! இது முதலை மீன். இந்தத் தண்ணிக்கே சம்பந்தமில்லாதது. ஏரியில விட்டா அங்க இருக்கற குஞ்சு குளுவானையெல்லாம் முழுங்கி ஏப்பம் விட்டுடும். அறிவு இருக்கா உனக்கு?" என்று பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவள் தலையில் விழுந்த உறவு.

ஆகவே, வெளியிலிருந்து வந்த மீன், ஆமை, ஓணான் எதையும் இனி அனுமதி இல்லாமல் வளர்க்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது, கைதட்டிய ஒரே மீன்கடைக்காரி அவள்தான். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள். பட்டியலில் தன் முதலை மீனையும் பார்த்தபிறகுதான் கைதட்டல் நின்றது.

அனுமதி வேண்டுமென்றால் தொட்டி மூடிக்குப் பூட்டு வேண்டும். தொட்டித் தண்ணீர் எந்த நிலையிலும், கரண்ட் போனால்கூட, தெருச் சாக்கடைக்குப் போகக் கூடாது. தண்ணீரோடு முட்டையோ குஞ்சோ போய்விட்டால் ஏரி என்ன ஆவது? ஆய்வுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் மீனைத் துறை எடுத்துக்கொள்ளும்.

"எடுத்துட்டுப் போய் என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

இதையெல்லாம் சொல்ல வந்திருந்த ஆய்வாளரம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வச்சுக்க எங்ககிட்ட இடம் இல்லைங்க. வலிக்காம முடிச்சுடுவோம்."

சட்டம் சரிதான். அதனால்தான் அக்காவுக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

தம்பி பிளம்பர். "கவலைய விடுக்கா, உன் தம்பி போட்ட பைப்புல ஒரு சொட்டு கசிஞ்சா நான் மீசைய எடுத்துடறேன்" என்று மார்தட்டி இறங்கினான். கீழே, தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரைப் பிடிக்க வடிகட்டி டிரம், அதற்குள் மோட்டார், அங்கிருந்து சுத்தமான தண்ணீரை மேலே தொட்டிக்குள் கொண்டுபோகிற பைப்பு. வேலை என்றால் வேலை, அளந்து வைத்த மாதிரி கச்சிதம்.

முதல் ஆய்வுக்கு வந்த ஆய்வாளரம்மா மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தாள். சொட்டு கசியவில்லை. தம்பி மீசையை நீவிக்கொண்டான். அடுத்து அந்தம்மா போய் மெயினை அணைத்தாள்.

மோட்டார் நின்றது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. மேலே ஏறின பைப்பு வழியாகவே அது சாவகாசமாகத் திரும்பி இறங்க ஆரம்பித்தது. டிரம் நிறைந்தது, வழிந்தது, தரையில் பரவியது, வாசல்படி தாண்டித் தெருவுக்குப் போனது. மாமாவின் செருப்பு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வெளியே போயின. "என் செருப்பு!" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தவர், "சொன்னேன்ல, அது இருக்கணும் இல்ல நான் இருக்கணும்னு" என்று கத்திக்கொண்டே செருப்பைத் துரத்திக்கொண்டு போனார்.

"பைப்பு அருமையாப் போட்டிருக்கீங்க. அதான் தப்பு" என்றாள் ஆய்வாளரம்மா. "தொட்டியில தண்ணி மட்டத்துக்குச் சத்தே கீழ பைப்புல ஒரு ஊசி ஓட்டை போடுங்க. தண்ணி அதுவரைக்கும் இறங்கினதும் காத்து உள்ள போயிடும், இழுப்பு அறுந்துடும்."

"ஓட்டையா? ஓட்டைய அடைக்கறதுதான் மேடம் என் பொழப்பே!"

"பரவாயில்ல, இந்த ஒண்ணை மட்டும் போடுங்க."

அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுகிறவன் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டான்.

துளையோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. தொட்டி என்றால் பாசி. பாசிக்கு ஊசித்துளை எம்மாத்திரம்? ஒரே ராத்திரியில் அடைத்துக்கொண்டது. தினமும் காலையில் மூடியைத் திறந்து குண்டூசியால் குத்திவிட வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு குத்துக்கும் பச்சைப் பசேல் என்று வந்தது. அப்புறம் என்ன மாயமோ, எப்போது பார்த்தாலும் துளை பளிச்சென்று இருந்தது. "தொட்டிக்குப் புது பல்பு மாத்தினேன்ல, பாசியே பிடிக்கல பாரு" என்று அக்கா தம்பியிடம் பீற்றிக்கொண்டாள்.

இரண்டாவது ஆய்வு நாள் விடிந்ததிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தரையைத் துடைத்தாள், துடைத்த தரையையே இன்னொரு தரம் துடைத்தாள். மீனிடம் போய், தினமும் கேட்கிற மாதிரியே, "என்ன மாமனாரே, கோவமா? இன்னைக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்துங்க" என்று கெஞ்சினாள். அது ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

ஆய்வாளரம்மா வந்தாள். பின்னாலேயே தம்பியும் ஓடிவந்தான். அந்தம்மா பூட்டைப் பார்த்தாள், சோதனை முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். மாமா உள்ளறை வாசலில் வந்து நின்றார், கக்கத்தில் செருப்போடு. அந்தம்மா மெயினை நோக்கிக் கையை நீட்டியபோதுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. குண்டூசி! இன்றைக்குத் துளையைக் குத்தவே இல்லை! பல்பை நம்பி, நாள்கணக்கில் அதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை!

"மேடம், ஒரு நிமிஷம்..."

டப். மோட்டார் நின்றுவிட்டது.

தண்ணீர் திரும்பி இறங்கியது. டிரம்மில் மட்டம் மேலே மேலே வந்தது. போச்சு, எல்லாம் போச்சு, தன் சோம்பேறித்தனத்துக்கு அந்த வாயில்லா ஜீவன் சாகப்போகிறது என்று அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. கண்ணாடிக்குள் அது எப்போதும்போல முறைத்தபடி நின்றது. தண்ணீர் டிரம்மின் விளிம்பைத் தொட்டது. விளிம்பில் ததும்பி நின்றது.

கொர்ர்ர் என்று பைப்பு ஒரு மூச்சு காற்றை இழுத்தது. அவ்வளவுதான். இழுப்பு அறுந்தது. ஒரு சொட்டு தரையில் விழவில்லை.

ஆய்வாளரம்மா குனிந்து தரையைக் கையால் தடவினாள். காய்ந்த கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "பாஸ்!"

தம்பி போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அக்கா ஆய்வாளரம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அரசாங்க உத்தியோகமாவது ஒன்றாவது! "ஜெயிச்சுட்டோம்டா!" என்று தம்பி முதுகில் ஒன்று வைத்தாள். வைத்தபிறகுதான் நினைவு வந்து, "டேய், இன்னைக்கு ஓட்டையக் குத்தினது நீயா?" என்றாள்.

"நானா? நான் இப்பதான வர்றேன்."

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள். மாமாவின் சட்டைப் பையில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அதன் முனையில் பச்சையாகப் பாசி.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?" என்று அவர் சீறினார். "தண்ணி வந்தா மிதக்கறது என் செருப்புதான? விடியக்காலைல எனக்குத் தூக்கம் வர்றதில்ல, குத்தி விட்டேன். தினம் குத்தறேன். அதுக்கு என்ன இப்ப?"

புது பல்பாம், மண்ணாங்கட்டியாம்.

ஆய்வாளரம்மா உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். "ஒண்ணு கேட்கணும்ங்க. இப்ப இந்த மாதிரி மீனை ஆளாளுக்குக் கொண்டுவந்து எங்க ஆபீஸ் வாசல்ல விட்டுட்டுப் போறாங்க. வைக்க இடமில்லாம ஒவ்வொண்ணா முடிக்க வேண்டியிருக்கு. எனக்கும் மனசு கேட்கல. செலவைத் துறை பார்த்துக்கும். இந்த மாதிரி இன்னும் ரெண்டு தொட்டி போட்டா நீங்க வச்சுப்பீங்களா?"

"கொண்டாங்க மேடம்! எல்லாத்தையும் கொண்டாங்க!" அக்காவுக்கு முன்னால் தம்பி முந்திக்கொண்டான். "ஓட்டை நான் போடறேன்!"

"சரி, இதுக்குக் கூப்பிடற பேர் என்னன்னு சொல்லுங்க. அனுமதியில எழுதணும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். "அது வந்து மேடம்... மீன்தான்... சும்மா மீன்னுதான்..."

"மாமனார்னு எழுதுங்கம்மா" என்றார் மாமா.

அக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

"தெருவுக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? பேர்ல ஒண்ணும் தப்பில்ல, மூஞ்சி அப்படித்தான் இருக்கு." குரல் கொஞ்சம் இறங்கியது. "தினம் காலைல அதுகிட்ட வந்து, என்ன மாமனாரே கோவமா, கோவமான்னு கேக்கறியே. ஒரு நாளாவது என்கிட்ட கேட்டிருக்கியா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

"கோவமா மாமா?"

"பின்ன இல்லாம?" என்றார் அவர். "என் நாற்காலியைக் கொண்டாந்து அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல போடு. ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கறோம்."

தம்பி நாற்காலியைத் தூக்கிவந்து போட்டான். அவர் உட்கார்ந்து, கக்கத்துச் செருப்பைக் கீழே, காய்ந்த தரையில் ஜோடியாக வைத்தார்.