முதுகில் ஒரு கதவு

விடியலுக்கு வெகு முன்பே இசைவாணியின் கால் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டது. பட்டாசுக் கம்பெனி வேன் விஸ்வநத்தம் முக்கில் வந்து ஆரன் அடிப்பதற்குள் எதிர்வீட்டு யோகேஸ்வரியின் வேலைக் கோட்டு முடிந்தாக வேண்டும். மின்விசிறி போட்டால் துணி பறக்கும். வியர்வை புருவத்தில் இறங்கி இமையில் நின்றது. நீலப் பருத்தித் துணியில் சொட்டினால் கறை விழும் என்று புறங்கையால் வழித்துப் போட்டாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். பி.காம். சான்றிதழ் பரணில் கிடந்தது. பிழைப்பு மிஷினில் ஓடியது.

ஜிப் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முதுகுத் துணி இரண்டையும் சேர்த்து, முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு மூட வேண்டும். மடிப்பை விரித்து இஸ்திரி போட்டு அழுத்தி, அதன்மேல் ஜிப்பைக் குப்புறப் படுக்க வைத்து, இழுக்காமலும் தளரவிடாமலும் இரட்டைத் தையல் ஓட்ட வேண்டும். கை கொஞ்சம் இழுத்தாலும் முதுகில் அலை அலையாகச் சுருங்கிவிடும். எல்லாம் முடிந்து ஓட்டுத் தையலின் நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வரும். உள்ளே ஜிப் இருப்பதே வெளியே தெரியாது.

முன்பெல்லாம் கோட்டுக்கு முன்பக்கம் பொத்தான்தான். சோதனைக்கு வந்த அதிகாரி, புழுக்கம் தாங்காமல் பெண்கள் கோட்டைத் திறந்துவிட்டு வேலை பார்ப்பதைக் கண்டு கம்பெனியைக் கண்டித்துவிட்டுப் போனார். சின்ன முதலாளி மகேஷ்குமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உடம்போடு ஒட்டித் தைக்கணும், முதுகில் ஜிப் வைக்கணும், துணியும் தையலும் அவரவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். உரசினால் பொறி வரும் என்பதால் இரும்பு ஜிப் ஆகாது, பிளாஸ்டிக் ஜிப்தான்.

யோகேஸ்வரி வந்து மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டினாள். இசைவாணி ஜிப்பின் ரன்னரை மேலே ஏற்றி, கழுத்து மடிப்புக்குள் மறைத்தாள்.

"ஏ புள்ள, இது கோட்டா தலகாணி உறையா? உள்ள திணிச்சுப் பூட்டிட்டியே!"

"சாயங்காலம் தெறந்துவிட ஆள் இருக்குல்ல, உம் புருசன்."

"அவருக்குக் கொண்டை ஊசியவே எடுக்கத் தெரியாது, இதையா தெறக்கப் போறாரு?"

இசைவாணியின் அம்மா சின்னத்தாய் தானும் வேலைக்குக் கிளம்பி, தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். "சிரிச்சது போதும், வேன் வந்துருச்சு. ஓடியா."

வேனுக்குள் ஒருத்தி முதுகை ஒருத்தி பூட்டிவிட்டுக்கொண்டே போனார்கள்.

மத்தியானம் வடக்கே புகை எழுந்தது. அது ஊரே வாசலுக்கு வந்து நிற்கிற புகை. இசைவாணி மிஷினை விட்டு எழுந்து ஓடினாள். ஆம்புலன்ஸ் எதிரே வந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது.

சின்னத்தாய் இருட்டியபின் திரும்பினாள். விரல்களில் கட்டு. வாசல்படியில் உட்கார்ந்ததும் தானாகவே சொன்னாள்.

"திரி வெட்டுற ரூம்புல பொறி விளுந்துச்சு. யோகேஸ்வரி சூதானமா மொதல்ல வெளிய ஓடியாந்துட்டா. ஆனா முதுகுல தீ. மண்ணுல போட்டுப் பொரட்டுனோம். கோட்டக் கழட்டணும்ல? ரன்னரத் தேடுறேன், தேடுறேன், அம்புடல. நீ அம்புட்டு அளகா மறைச்சிருந்த. கையில அம்புட்டப்ப உருகி ஒட்டிப்போச்சு. நாலு பேரு சேந்து இளுத்தோம்டி. தையல் விடல."

அன்றைக்கு இசைவாணி சாப்பிடவில்லை. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நாள் கழித்து யோகேஸ்வரி போனில் பேசினாள். குரல் கம்மியிருந்தது.

"முகம் தப்பிச்சிருச்சு புள்ள. குப்புறவே படுத்துக் கெடக்கேன், நீ ஜிப்ப வைப்பியே, அது மாதிரி."

அவள் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இசைவாணியால் சிரிக்க முடியவில்லை.

கம்பெனி ஒரு வாரம்கூடப் பூட்டிக் கிடக்கவில்லை. தீபாவளி சீசன். போர்மேன் ஜெயபாண்டி வந்து இசைவாணியை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகேஷ்குமார் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"நீதான் தச்சியா? நல்ல கை. கோட்டு மட்டும் இல்லேன்னா அந்தப் புள்ள போய்ச் சேர்ந்திருக்கும்."

"கோட்டு கழண்டிருந்தா முதுகு தப்பிச்சிருக்கும் சார்."

"கழட்டுற மாதிரி வச்சாத்தான் கழட்டிப் போட்டுட்டு நிக்கிறீகளே! சரி, புதுசா ஆள் எடுக்கிறோம். இதே மாதிரி தச்சுக் குடு. விசாரணைக்கு எவனாச்சும் வந்தா, அவுக இஷ்டத்துக்கு வீட்டுல தச்சுக்கிட்ட துணின்னு சொல்லிரு. கம்பெனி துணி இல்லைல்ல."

"முதுகுல வைக்கச் சொன்னது நீங்கதானே சார்?"

"எழுதிக் குடுத்தேனா?" அவர் சிரித்தார். "காலேஜ் படிச்சிட்டு மிஷின் மிதிக்கிறவ நீ. பேச்சக் குறைச்சுக்க. நீ தைக்கலேன்னா மல்லாங்கிணத்துல தைக்க ஆளா இல்ல?"

இருக்கிறார்கள். அதுதான் அவளைக் கொன்றது. அவள் மாட்டேன் என்றால் கோட்டு நிற்கப் போவதில்லை. தைக்கிற கை மட்டும் மாறும். வாயில் வந்த வசவையெல்லாம் விழுங்கிக்கொண்டு, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து, மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். வேறு எங்கே போய் உட்கார?

உட்கார்ந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவின் கோட்டை எடுத்து இரட்டைத் தையலைப் பிரித்தாள். ஜிப்பை ஓட்டுத் தையலிலேயே நிறுத்தி, நூல் நுனியைக் கழுத்துக்குப் பின்னால் விட்டாள். பார்வைக்கு அதே வழுவழுப்பு. முதலாளியின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

"எம்மா, போட்டுக்கிட்டுத் திரும்பு."

நூலை இழுத்தாள். முதுகு முழுக்க மேலிருந்து கீழாகப் பிரிந்து கோட்டு நழுவியது.

"எப்படி? எல்லாருக்கும் இப்படியே தச்சுருவேன். அவனுக்குத் தெரியாது."

சின்னத்தாய் நழுவிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்துல நிக்கிறவளுக்கும் தீப்பிடிச்சுட்டா, என் நூல எவ வந்து இளுப்பா?"

இசைவாணி உருவிய நூலை விரலில் சுற்றினாள்.

"எங் கை எட்டாத எடத்துல என் உசுர வைக்காதடி. முன்னாடி வை. நாடா வச்சுத் தை. நான் இளுத்தா அவுரணும்."

"முன்னாடி வச்சா தெரிஞ்சுருமே. வேலைய விட்டு நிப்பாட்டிருவான்."

"நான் ஒருத்தி போட்டுட்டுப் போனா நிப்பாட்டுவான்."

அவ்வளவுதான் சொன்னாள். கட்டுப்போட்ட கையோடு எழுந்து தெருவில் இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் முதல் கோட்டு வந்தது. பிறகு இன்னொன்று. "எம் புருசன் வையுவாரு" என்று திரும்பிப் போனவளும் விளக்கு வைத்தபிறகு கோட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து, பிளேடாலும் ஊக்காலும் ஜிப்புகளைப் பிரித்தார்கள். இசைவாணியின் தையல் லேசில் பிரியவில்லை.

"என்னத்தப் போட்டுத் தச்ச மூதேவி, கம்பியவா?"

"நல்லாத் தைக்கச் சொன்னீகல்ல, அனுபவிங்க!"

யோகேஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தத் தெருவில் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, முன்பக்கம் வெள்ளை நாடா கட்டிய கோட்டுகளோடு எல்லோரும் கம்பெனி வாசலில் நின்றார்கள். இசைவாணியும் கூட நின்றாள். ஜெயபாண்டி பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். மகேஷ்குமார் வந்தார்.

"இது என்ன கோலம்? ஜிப் இல்லாதவ எவளும் உள்ள வரக்கூடாது."

சின்னத்தாய் முன்னால் வந்தாள். "ரூம்புக்கு நாலு கதவு வச்சிருக்கீக மொதலாளி, எப்படியும் தப்பிச்சு ஓடியாரதுக்கு. கோட்டுக்கு ஒத்தக் கதவு. அதையும் முதுகுல வச்சுட்டீக. எங்க கை எட்டல."

"தீப்பிடிக்காம வேலை பாக்கத் தெரியணும்."

"அப்ப எதுக்கு நாலு கதவு?" என்றாள் இசைவாணி. "ஒண்ணு போதுமே!"

அவர் முகம் கறுத்தது. "கேட்டச் சாத்துங்கய்யா. மல்லாங்கிணத்துலருந்து புது ஆளுகளோட வேன் வருது. இவளுக வெயில்ல காயட்டும்."

கேட் சாத்தப்பட்டது. ஒருத்தியும் நகரவில்லை. வெயில் ஏற ஏறப் பயமும் ஏறியது. ஒருத்தியின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது; சாமியைக் கும்பிட்டாளோ, மகேஷ்குமாரைத் திட்டினாளோ. இத்தனை பேர் வீட்டு உலையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று இசைவாணி நினைத்தாள்.

வேன் வந்து, கேட் திறக்கக் காத்து நின்றது. உள்ளே அறியாத முகங்கள், நீலக் கோட்டுகள், பூட்டிய முதுகுகள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் இவர்களின் வெள்ளை நாடாக்களைப் பார்த்தாள். சின்னத்தாயின் கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தாள்.

"என்னாச்சுக்கா கையில?"

"முதுகுல ஜிப்பத் தேடுனேன் தாயி. தீயோட."

அந்தப் பெண்ணின் வலக்கை மெல்லத் தோளுக்கு மேலே போனது. எட்டவில்லை. இடுப்புப் பக்கமாக இடக்கையை வளைத்தாள். அதுவும் எட்டவில்லை. கேட் திறக்கும் கிறீச்சுச் சத்தம் கேட்டது. டிரைவர் கியரைப் போட்டார்.

"அண்ணே, செத்த நிறுத்துங்க."

"மொதலாளி பாத்துக்கிட்டு இருக்காரு."

"நிறுத்துங்கண்ணே!"

அவள் இருக்கையில் திரும்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சுருங்கிச் சுருங்கி அலை அலையாய்ப் போன மோசமான தையல். ரன்னரைத் தேடி, இசைவாணி ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினாள்.