ஆர்டன்வேல் கப்பலின் பலகைகள்

1986ஆம் ஆண்டு முதல், ஈஸ்ட் ஹாமில் கனகலிங்கத்தின் கல்யாண மண்டபச் சுவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் மூன்று மணிக்கு வாந்தி எடுத்தது. பட்டாணியும் பிஸ்கற்றும் கலந்து, உப்புத் தண்ணீர் நாறும் வாந்தி. இரண்டு வாளி நிறையும். சுவரில் பதித்திருந்தது ஆர்டன்வேல் என்ற பழைய நீராவிக் கப்பலின் தேக்குப் பலகை. உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் கிடங்கொன்றில் கனகலிங்கம் அதை வாங்கியது வெறும் பவுசுக்காக. கப்பல் தேக்குக்கு முன்னால் தாலி கட்டினால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் வீடியோவில் எடுப்பாக இருக்குமாம். நாற்றம் வீடியோவில் பதியாதது அந்த மனுசனின் அதிர்ஷ்டம்.

கப்பலின் வரலாற்றை எழுதி, பிறேம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார். 1927இல் வெள்ளோட்டம் விட்டார்கள். பெரிய இடத்துப் பயணிகள் நடனமாடினார்கள். 1942இல் படைகளை ஏற்றுவதற்கென்று எடுத்து, கொழும்பிலிருந்து இரண்டாயிரத்து நூறு பேரைக் கொண்டுபோய் எகிப்தில் ஒருவர் குறையாமல் இறக்கினார்கள். அறுநூறு பேருக்குக் கட்டிய கப்பல் அது. அதிகாரிகள் தேக்குச் சுவர்களுக்கு நடுவே ஆட்டிறைச்சி தின்ன, மற்றவர்கள் கீழ்த்தளத்தில் ஒருவர் மேல் ஒருவர் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தார்கள். அதைப் பற்றி அந்த பிறேமில் ஒரு வரி கிடையாது. சீ, எழுதிய கையை நினைத்தாலே குமட்டுகிறது.

மண்டபத்தைக் கழுவியவள் மன்னாரைச் சேர்ந்த எமில்டா. அவள் பிறக்குமுன்பே, அவளுடைய தகப்பன் கஸ்பர் படையில் சேர்ந்து அதே கப்பலில் போனவன். திரும்பி வரவில்லை, கடிதமும் இல்லை. எகிப்தில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் சொன்னது. தாய் மரியநாயகி இருபது வருடம் அதை நம்பாமல் இருந்து, கடைசியில் நம்பிக்கொண்டே செத்தாள். எமில்டாவுக்கு நம்ப மனமில்லை. ஆனால் ஒருவர் குறையாமல் இறக்கினார்கள் என்றல்லவா எழுதியிருக்கிறது. கரையில் இறங்கியும் வீட்டுக்கு வராதவன் விட்டுவிட்டுப் போனவன்தானே. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வரியைக் கடந்துதான் அவள் வாளியோடு உள்ளே போனாள்.

கவுன்சில் ஆள் ஒருவன் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்து, சுவரில் ஈரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். நம்முடைய சனம் அதைவிட மோசம். இரண்டரைக்குள் பந்தியை முடித்து, பாயசத்தை நின்றபடியே குடித்து, நல்ல மண்டபம் என்று புகழ்ந்துவிட்டு ஓடினார்கள். பலகையைக் கழற்றிப் பார்ப்போமா என்று எமில்டா ஒருநாள் கேட்டாள்.

"உமக்குச் சம்பளம் துடைக்கிறதுக்கு. ஆராய்ச்சி செய்யிறதுக்கு இல்லை," என்றார் கனகலிங்கம்.

1988 மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பந்தி பிந்திவிட்டது. மூன்று மணிக்குச் சுவர் வாந்தியோடு ஒரு ஆளையும் வெளியே தள்ளியது. காக்கிக் காற்சட்டை, இருபத்துமூன்று வயது இருக்கும், தலைமயிரெல்லாம் சத்தி. கல்யாணத்துக்கு வந்தவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். ஒரு கோப்பை தண்ணீர் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எமில்டாதான் அவன் தலையைத் தாங்கி வாயைத் துடைத்தாள்.

"கரை வந்திட்டுதோ, அக்கா?" என்றான்.

"ஓம், வந்திட்டுது. நீர் எந்த ஊர்?"

"மன்னார். பேர் கஸ்பர். ஏறின நாளிலையிருந்து சத்திதான், எழும்ப ஏலேல்லை. எல்லாரும் இறங்கேக்கை கூப்பிட்டனான், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. ஊருக்குப் போற கப்பல் எப்ப, அக்கா? வீட்டிலை மரியநாயகிக்கு எட்டு மாசம். பிள்ளை பிறக்கேக்கை நான் நிக்க வேணும்."

எமில்டா தன் கோட்டை அவனுக்குப் போர்த்தி, இல்ஃபோர்டில் இருந்த தன் வீட்டுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். மிச்சத்தைக் கனகலிங்கம் தானே துடைக்கவேண்டி வந்தது. கவுன்சில் படிவத்தில் அவனை மகன் என்று பதிந்தாள். இருவரின் வயதையும் பார்த்த குமாஸ்தா மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினான். நாற்பத்தாறு வருடம் கழிந்துவிட்டதையும் மரியநாயகி செத்ததையும் முதல் கிழமையே சொல்லிவிட்டாள். இரண்டு நாள் அழுதுவிட்டு, பிள்ளை என்ன ஆனது என்று கேட்டான். பெண் பிள்ளை, தகப்பனைக் காணாமலே வளர்ந்தவள், சுகமாக இருக்கிறாள் என்றாள். அவளைக் கண்டால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான்.

எமில்டா கஞ்சிக் கோப்பையை அவன் கையில் கொடுத்தாள்.

"அதெல்லாம் வேண்டாம், அப்பா. ஆறமுதல் குடியுங்கோ."

அவர் அவளுடைய நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கஞ்சியைக் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டார்.